மகளுக்கு ஃபீஸ் மட்டும்தானாம், மெயின்டனன்ஸ் இல்லையாம் – யாராவது உதவுங்கள்

ஹரோ_அம்மா:
அவசரம். மகளுக்கு இந்த செப்டெம்பர் (2025) யூனி தொடங்குகிறது. அரசாங்க மாணவர் லோனுக்குப் போட்டோம். யூனி ஃபீஸ் 9,535 பவுணுக்கு மட்டும் கடன் தருவார்களாம், வாடகை, சாப்பாட்டுக்கான மெயின்டனன்ஸ் லோன் கிடையாது என்று கடிதம் வந்திருக்கிறது. அவளோடு படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. நாங்களும் இங்கே வரி கட்டுகிறோம். லெஸ்டரில் அறைக்கு இந்தக் கிழமை முற்பணம் கட்ட வேண்டும். என்ன செய்வது?

கணக்கர்:
எந்த நாட்டுப் பாஸ்போட்? எப்போது இங்கிலாந்துக்கு வந்தீர்கள்? பிள்ளையின் ஸ்டேட்டஸ், அதாவது பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியக் குடும்பங்களுக்குக் கொடுத்த வதிவிட உரிமை, செட்டில்டா (நிரந்தரம்), ப்ரீ-செட்டில்டா (தற்காலிகம்)? இது தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஈஸ்ட்ஹாம்வாசி:
அப்பீல் போடுங்கள் அக்கா. 2015இல் டிகேரே என்ற சாம்பியாப் பிள்ளை சுப்ரீம் கோர்ட் வரை போய் வென்றார். அதற்குப் பிறகு செட்டில்ட் இல்லாவிட்டாலும், இங்கே நீண்டகாலம் வாழ்ந்த பிள்ளைகளுக்குக் கடன் உண்டு. அந்த வழக்கைச் சொல்லி எழுதுங்கள், கட்டாயம் தருவார்கள்.

பழைய_உறுப்பினர்:
ஒவ்வொரு ஆவணியிலும் இதே கேள்வி. மேலே பின் பண்ணி வைத்த இழையை வாசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஃபீஸ் கடனுக்கு ஒரு தகுதி, மெயின்டனன்ஸுக்கு வேறு தகுதி. முதலில் அதை விளங்கிக்கொண்டு வந்து கேளுங்கள். வரி கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஹரோ_அம்மா:
மன்னிக்கவும், வேலையில் நின்று எழுதினேன். பிரெஞ்சுப் பாஸ்போட். பாரிஸில் இருந்து 2020 நவம்பர் எல்லோரும் ஒன்றாக வந்தோம். மகளுக்கு 18. எல்லோருக்கும் ப்ரீ-செட்டில்ட்.

கணக்கர்:
இதைத்தான் கேட்டேன். ஈஸ்ட்ஹாம்வாசி சொல்கிற விதி உங்களுக்குப் பொருந்தாது. 18 வயதுக்குக் கீழே என்றால் இங்கே 7 வருடம், 18 ஆகிவிட்டால் பாதி வயது அல்லது 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இங்கே ஐந்து வருடம்கூட இன்னும் ஆகவில்லை.

நடந்தது இதுதான். செப்டெம்பர், ஒக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு அவர்கள் பார்க்கும் நாள் செப்டெம்பர் 1. அன்றைக்கு அவள் ப்ரீ-செட்டில்ட். ஐந்து வருடம் நிறைவது நவம்பரில். ப்ரீ-செட்டில்ட் பிள்ளைக்கு மூன்று வருட வதிவிடம் மட்டும் இருந்தால் ஃபீஸ் கடன்தான். மெயின்டனன்ஸ் வேண்டுமென்றால் செட்டில்ட் ஆகியிருக்க வேண்டும், அல்லது இங்கே வேலை செய்யும் ஐரோப்பியக் குடிமகனின் பிள்ளை என்று காட்ட வேண்டும். உங்கள் கணவர் வேலை செய்கிறாரா? விண்ணப்பத்தில் அவருடைய வேலை பற்றி என்ன கொடுத்தீர்கள்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
பாரிஸில் இருந்த வருடங்கள் கணக்கில் வராது என்றுதான் மறுத்திருக்கிறார்கள் போல.

கணக்கர்:
இல்லை தம்பி. இந்தப் பிரிவில் பாரிஸ் வருடமும் கணக்கில் வரும். அப்படிப் பார்த்தாலும் 2020இல் வந்த பிள்ளைக்கு மூன்று வருடம் இங்கேயே தாண்டிவிட்டது. அது இல்லாவிட்டால் ஃபீஸ் கடனும் கிடைத்திராது.

மில்டன்கீன்ஸ்_தாய்:
அக்கா, எங்கள் மகனுக்கும் போன வருடம் இதேதான். நாங்கள் ஜேர்மனியில் இருந்து வந்தவர்கள். மனுசனின் பி60 (வருடச் சம்பளமும் வரியும் காட்டும் படிவம்), கடைசிப் பே ஸ்லிப்புகள், வேலை ஒப்பந்தம், ஷேர் கோட் (ஸ்டேட்டஸை இணையத்தில் காட்டும் குறியீடு), மகனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அனுப்பினோம். பிரெஞ்சுச் சான்றிதழ் என்றால் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

வட்டிவேண்டாம்:
எல்லோரும் கடன் எடுக்கத்தான் வழி சொல்கிறீர்கள். 18 வயதுப் பிள்ளையின் தலையில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஏற்றுவது நல்லதா? வீட்டில் இருந்து லண்டன் யூனிக்குப் போகட்டும். அல்லது ஸ்கொட்லாந்துக்குப் போய்ப் படிக்கட்டும், அங்கே ஃபீஸ் இலவசம்.

மில்டன்கீன்ஸ்_தாய்:
இலவசம் அங்கே வாழ்கிற பிள்ளைகளுக்கு. படிப்பதற்காகவே அங்கே போய் இருந்தால் வதிவிடமாக எடுக்க மாட்டார்கள். பிறகு, இது வங்கிக் கடன் மாதிரி இல்லை. 2023 ஆவணியில் இருந்து தொடங்கியவர்கள் பிளான் 5 என்ற முறையில்தான் கட்டுவார்கள். வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால், மேலே உள்ள தொகையில் 9 வீதம் சம்பளத்தில் கழிப்பார்கள். உழைப்பு இல்லாவிட்டால் கட்டத் தேவையில்லை. 40 வருடத்தில் மிச்சம் ரத்து.

வட்டிவேண்டாம்:
40 வருடம் என்றால் பிள்ளைக்கு அறுபது வயது அக்கா! அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். என் தம்பி மாதாமாதம் கட்டுகிறான், கணக்கைத் திறந்து பார்த்தால் போன வருடத்தை விடக் கூட நிற்கிறது. அதைப் பார்க்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

பழைய_உறுப்பினர்:
கடன் நல்லதா கெட்டதா என்பதை வேறு இழையில் கதையுங்கள். அந்த அம்மாவுக்கு அறை போகப் போகிறது.

ஹரோ_அம்மா:
மனுசன் வெயார்ஹவுஸில் இரவு வேலை, ஏஜென்சி மூலம். கிழமைக்கு முப்பது மணித்தியாலம் வரும். பி60 இருக்கிறது. அவருடைய வேலை பற்றி விண்ணப்பத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை, பிள்ளையின் லோன்தானே.

கணக்கர்:
அப்போது வழி இருக்கிறது. ஏஜென்சி, பகுதி நேரம் பிரச்சினை இல்லை, உண்மையான, தொடர்ச்சியான வேலையாக இருந்தால் போதும். இப்போதே அவர்களுக்கு ஃபோன் எடுத்து, தகப்பன் இங்கே வேலை செய்யும் பிரெஞ்சுக் குடிமகன், அந்தப் பிரிவில் மறுபடி பாருங்கள் என்று கேளுங்கள். ஐரோப்பியத் தொழிலாளர் குடும்பம் என்ற வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டு வருமான விவரமும் கொடுங்கள். 25,000 பவுணுக்கு மேல் போகாவிட்டால் முழுத்தொகை, லண்டனுக்கு வெளியே அறையெடுத்து இருக்கும் பிள்ளைக்கு 10,544 வரை.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பிரிவில் இருக்கும் வரை அவரின் வேலையை வருடாவருடம் காட்ட வேண்டும். நவம்பரில் செட்டில்டுக்கு மாற்றி, கையோடு கடன் பிரிவுக்கும் அறிவியுங்கள்.

மில்டன்கீன்ஸ்_தாய்:
அறைக்கு யூனியின் தங்குமிடப் பிரிவோடு கதையுங்கள் அக்கா. லோன் பரிசீலனையில் இருக்கிறது என்று கடிதத்தைக் காட்டினால் எங்களுக்குத் தவணை கொடுத்தார்கள்.

ஹரோ_அம்மா:
ஃபோன் எடுத்தோம். பி60, பே ஸ்லிப், ஷேர் கோட் கேட்டார்கள், ஏற்றிவிட்டோம். திரும்பப் பார்க்கிறார்களாம். அறைக்கு இரண்டு கிழமை தவணை. எல்லோருக்கும் நன்றி.

பேர்ண்பிள்ளை:
எனக்கும் இதே சிக்கல், ஆனால் சுவிஸ் பாஸ்போட். அப்பாவுக்கு இப்போது வேலை இல்லை. எனக்குக் கிடைக்குமா?

கணக்கர்:
சுவிஸுக்குப் பிரிவு வேறு. தாய் தகப்பனில் ஒருவர் சுவிஸ் குடிமகன் என்றால் வேலையைக் காட்டத் தேவையில்லை. 2020 முடிவதற்குள் வந்தீர்களா, அப்பாவின் ஸ்டேட்டஸ் என்ன? புது இழை தொடங்கி அதில் எழுதுங்கள்.