கரண்ட் வைத்த அந்த 25 நாள்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்தார்கள். தையல் ஆறி, ஒருவழியாகக் கஞ்சி இறங்கத் தொடங்கிய சமயத்தில், கரண்டும் (அதாவது கதிர்வீச்சு) கீமோவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். “அதான் வெட்டி எடுத்தாச்சுங்களே, அப்புறம் எதுக்குங்க?” என்று அப்பா கேட்டார். இரைப்பையோடு சேர்த்து எடுத்த நெறிகட்டிகளில் (நிணநீர் முடிச்சுகள்) சிலவற்றில் நோய் இருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தைக் கருக்கத்தான் கதிர். அந்த மிச்சம் கதிருக்குத் தாக்குப்பிடிக்காமல் செய்வது கீமோ மாத்திரை.

கதிர் மொத்தம் 45 கிரே (கதிரை அளக்கும் கணக்கு), 25 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை கேப்சிடபின் என்ற அந்தக் கீமோ மாத்திரை காலையும் இரவும், சாப்பிட்டதும். சனி, ஞாயிறு கதிர், மாத்திரை இரண்டுக்குமே லீவு. மெஷினில் படுப்பதில் வலியே இல்லை. கதிர் விழும் இடத்துக்கு அடையாளமாக வயிற்றில் போட்ட மைக்கோடு அழியக்கூடாது என்று, கோட்டைச் சுற்றி ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்துவிடுவார் அம்மா.

எங்களைப் படுத்தியது மலைப்பாதைதான். குமட்டலோடு 20 கொண்டை ஊசி வளைவு! முதல் வாரமே தாங்கவில்லை, மலைக்குக் கீழே கோரிமேட்டில் அறை எடுத்துவிட்டோம். மலையில் இருப்பவர்கள் முதல் நாளே கீழே தங்கிவிடுங்கள். வாந்தி மாத்திரையை கரண்டுக்கு அரை மணி முன்னாலேயே போட வேண்டும், வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

எடை ஆறு கிலோ இறங்கியது. தப்பு என்னுடையது, தட்டு நிறையச் சோறு வைத்து “சாப்பிடுங்கப்பா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இரண்டு மணிக்கொரு தரம் சின்ன டம்ளரில் ராகிக் கஞ்சி, தயிர், அவித்த முட்டை என்று மாற்றினோம்.

— அம்மாபேட்டையிலிருந்து:
எங்கள் அம்மாவுக்கு வெறும் கீமோ மட்டும்தான். கரண்ட் வைக்காமல் விட்டுவிட்டார்களோ என்று பயந்து கேட்டேன். நெறிகட்டிகளை அகலமாக எடுத்தாகிவிட்டது, அதற்குப் பேர்தான் டி2 ஆபரேஷன், அதனால் கீமோ போதும் என்றார்கள். கரண்டும் கீமோவும் சேர்ப்பதைப் பரவலாக்கிய 2001 அமெரிக்க ஆய்வில் பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களின் 27 மாதத்திலிருந்து 36 ஆனது உண்மை. ஆனால் அதில் பெரும்பாலோருக்கு அவ்வளவு அகலமாக எடுக்கவில்லையாம். பக்கத்துப் படுக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். அம்மாவுக்கு முழு இரைப்பையும் எடுத்ததால் பி12 வைட்டமின் ஊசி இனி ஆயுசுக்கும்.

— மறுபடி ஏற்காடு:
ஊசி விஷயம் நல்லவேளை சொன்னீர்கள், அடுத்த முறை கேட்கிறேன். இன்னொன்று. சிகிச்சை முடிந்து வீடு வந்ததும் அப்பா எங்கள் தோட்டத்துக் காபியை இனிப்பாக ஒரு டம்ளர் குடித்தார். கால் மணியில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்தது. இனிப்பு நேராகக் குடலுக்கு ஓடிவிடுவதால் வருவதாம். இப்போது சர்க்கரை இல்லாமல் அரை டம்ளர். “இது காபியாடா?” என்று தினமும் ஒரு சண்டை.