வேலூர் பக்கம் வீலிங் (முன்சக்கரத்தைத் தூக்கி பைக் ஓட்டுவது) முறையாகக் கற்றுத்தருபவர் யாராவது உண்டா?

அண்ணன்மார்களே, நான் காட்பாடி. வண்டி யமஹா ஆர்15, 155 சிசி. முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் ஒரு சாண் எழும்புகிறது, உடனே தொப்பென்று விழுகிறது. இந்த வண்டிக்கு இழுவையே மேல் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் என்பதால் கிளட்சும் ஆக்சிலரேட்டரும் எனக்கு ஒத்துவர மாட்டேன் என்கிறது. அதைவிட முக்கியம் பின் பிரேக். வண்டி பின்னால் சாய்ந்தால் இறக்குவது அதுதான், வலது கால் அதை விட்டு நகரவே கூடாது. பக்கத்தில் நின்று திருத்த அனுபவசாலி வேண்டும்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் மட்டும் செய்ய மாட்டேன், அடுத்தவர் உயிரும் போகும். ராணிப்பேட்டை, சத்துவாச்சாரி பக்கம் அனுமதியோடு பழக மைதானம் உண்டா? அப்புறம், முன்சக்கரம் இப்படி அடிக்கடி தொப்பென்று விழுந்தால் முன் ஃபோர்க் ஆயில் சீல் (ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தாங்குமா?