அந்த டிக்கை எடுத்துட்டா ஹெல்ப்டெஸ்க் பிளக்இன் பத்திரமா?

பிறைக்காரன்:
வேர்ட்பிரஸ் வெப்சைட்டுல கஸ்டமர் புகாரை டிக்கெட்டா வாங்குறதுக்குச் சேர்க்கிற துணை புரோகிராம்தான் ஹெல்ப்டெஸ்க் பிளக்இன். அதைப் பத்தி நம்ம சின்ன வியாபாரிங்க குரூப்புல ஒரு மகான் வாய்ஸ் நோட் போட்டிருந்தாரு. "ஹெல்ப்டெஸ்க் பிளக்இன்ல ஓட்டைனு கத்துறவனெல்லாம் மாசக் காசு கறக்கிறவன். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல 'எனிஒன் கேன் ரெஜிஸ்டர்'னு, யார் வேணாலும் அக்கவுன்ட் திறக்க விடுற டிக்கை எடுத்துடுங்க. அக்கவுன்ட்டே இல்லாதவன் எப்படி அட்மின் ஆவான்?" குடிச்ச தே தாரிக் டீ மூக்குல ஏறிடுச்சு. பேர் சொல்ல மாட்டேன், கோலாலம்பூர் செந்தூல் பக்கம்னு மட்டும் வச்சுக்குங்க.

அந்த டிக்கை மதிக்கிறது வேர்ட்பிரஸ்ஸோட சொந்த ரெஜிஸ்டர் பக்கம். டிக்கெட் பிளக்இன் பலதுல, கஸ்டமர் புகார் போட்டதும் அதுவே அவருக்கு அக்கவுன்ட் திறந்து கொடுக்கிற வசதி இருக்கு. அது நேரா, அக்கவுன்ட் உண்டாக்குற டபிள்யூபி_இன்செர்ட்_யூசர்ங்கிற வேர்ட்பிரஸ் ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்த ஃபங்ஷன் உங்க டிக்கை ஏறெடுத்தும் பார்க்காது. முன்னால ஜாகா, அதான் காவல்காரன், உக்காந்திருப்பான், பின்னால லாரி சரக்கை ஏத்திக்கிட்டிருக்கும்.

உள்ள வந்தவன் வெறும் சப்ஸ்கிரைபர்தான், அதாவது கடைசிப் படி யூசர், சரி. ஆனா டிக்கெட்டுக்குப் பதில் சொல்ற ஏஜென்டைச் சேர்க்கிறது, புரொஃபைல் திருத்துறது எல்லாம் அட்மின்-அஜாக்ஸ்ங்கிற வேர்ட்பிரஸ் ஃபைல் வழியா ஓடுது. கேக்கிறவனுக்கு உரிமை இருக்கானு கரன்ட்_யூசர்_கேன் போட்டு அங்க பார்க்கணும். சில மேதாவிங்க இஸ்_அட்மின் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. அது ஆளைப் பார்க்காது, பக்கத்தைத்தான் பார்க்கும். அட்மின்-அஜாக்ஸ்ல யார் வந்து நின்னாலும் ஆமாம்னு சொல்லும்.

செந்தூல்_வெப்:
பேர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு தம்பி. நான்தான் அந்த மகான். முதல்ல அக்கவுன்ட் வேணும்னு நீயே எழுதிட்ட. அதைத்தானே நானும் சொன்னேன்? டிக் இல்லை, அக்கவுன்ட் இல்லை, ஆட்டம் குளோஸ். நான் பார்க்கிற சைட் எதுலயும் டிக் கிடையாது.

பிறைக்காரன்:
அண்ணே, படிச்சிட்டுப் பதில் போடுங்க. பிளக்இன் திறக்கிற அக்கவுன்ட் வேற கதை. அதுவும் வேண்டாம்னா இதைக் கேளுங்க. டபிள்யூபி சப்போர்ட் பிளஸ் ரெஸ்பான்சிவ் டிக்கெட் சிஸ்டம், 7.1.3. 2017 ஜனவரியில இதோட ஓட்டை வெளிய வந்துச்சு. ஃபேஸ்புக் வழியா கெஸ்ட் லாகின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. அட்மினோட யூசர்நேமை அனுப்பினா போதும், பாஸ்வேர்ட் கேக்காம, உள்ள விடுற சீட்டு மாதிரி லாகின் குக்கீயைத் தூக்கிக் கையில கொடுத்துடும். டிக்கும் வேணாம், அக்கவுன்ட்டும் வேணாம்.

செந்தூல்_வெப்:
2017! அப்ப நீ ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ்ல இருந்திருப்ப. இன்னிக்கு அந்தப் பழசை யார் வச்சிருக்கா? டிக் எடுத்த சைட்டுக்கு என்ன ஆச்சுனு கேட்டா, செத்துப்போன பிளக்இன்னோட ஜாதகத்தை வாசிக்கிற.

ராத்திரி_டூட்டி:
சைபர்ஜெயாவுல ஷிஃப்ட்ல உக்காந்து இதைப் படிக்கிறேன். ரெண்டு பேரும் ரெண்டு வேற ஓட்டையைப் பேசுறீங்க. சப்ஸ்கிரைபரா லாகின் பண்ணித்தான் அட்மின் ஆக முடியும்னா, ஓட்டை எவ்வளவு ஆபத்துனு 10-க்குப் போடுற சிவிஎஸ்எஸ் மார்க் வழக்கமா 8.8 வரும். லாகினே வேண்டாம்னா 9.8.

செந்தூல்_வெப்:
பார்த்தியா, 8.8தான். அக்கவுன்ட் வேணும்.

ராத்திரி_டூட்டி:
அண்ணே, 8.8ன்னா பாஸ் மார்க்னு நினைச்சுக்கிட்டீங்களா?

பிறைக்காரன்:
சரி, டிக்கையே பேசுவோம். 2018 நவம்பர், ஐரோப்பாவோட தரவுச் சட்டத்துக்காக வச்ச டபிள்யூபி ஜிடிபிஆர் கம்ப்ளையன்ஸ் பிளக்இன், 1.4.2 வரைக்கும் ஓட்டை. வந்தவனுங்க முதல் வேலையா என்ன பண்ணானுங்க தெரியுமா? நீங்க எடுத்து வச்ச அதே டிக்கை அவனுங்களே திரும்பப் போட்டானுங்க! கூடவே, புதுசா ரெஜிஸ்டர் பண்றவனுக்கு டீஃபால்ட் ரோல் அட்மினிஸ்ட்ரேட்டர்னு மாத்தினானுங்க. அப்புறம் ஒழுங்கா ரெஜிஸ்டர் பக்கம் வழியாவே நடந்து வந்தானுங்க. உங்க டிக் ஒரு டேட்டாபேஸ் வரி அண்ணே, அவ்வளவுதான்.

செந்தூல்_வெப்:
அது ஹெல்ப்டெஸ்க் பிளக்இன்னே இல்லை. தலைப்பு என்ன, நீ பேசுறது என்ன? தோத்தா ரோடு மாறி ஓடுறது உன்னை மாதிரி பினாங்குக்காரன் பழக்கம்.

நாசி_கண்டார்:
பினாங்கை ஏன்ணே இழுக்கிறீங்க? கேஎல்ல சோத்துல குழம்பு ஊத்தவே தெரியாது, சர்வரைப் பத்திப் பேச வந்துட்டீங்க.

கிள்ளான்_அக்கா:
தம்பிங்களா, என் புடவைக் கடை சைட்டுல டிக்கெட் பிளக்இன்தான் ஓடுது. ரீஃபண்ட் கேக்கிறவங்க பேங்க் நம்பர், வீட்டு அட்ரஸ், சில பேர் ஐசி, அதான் அடையாள அட்டை, அதோட படத்தையே போட்டுடுறாங்க. அது வெளிய போனா என்ன ஆகும்?

ராத்திரி_டூட்டி:
அக்கா, 2025 ஜூன் 1-லிருந்து மலேசியாவோட தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல புது விதி வந்திருக்கு. பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவுனா 72 மணி நேரத்துக்குள்ள ஆணையருக்குச் சொல்லணும். மறைச்சா 2,50,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைனா ரெண்டுமே. ஐசி படம் கிடக்கிற பழைய டிக்கெட்டை முதல்ல அழிங்க. பிளக்இன்னுக்கு ஆட்டோ அப்டேட் போடுங்க, 2020-ல 5.5 வந்ததிலிருந்து வேர்ட்பிரஸ்லயே இருக்கு.

செந்தூல்_வெப்:
ஆட்டோ அப்டேட் போட்டு தீபாவளி சேல் நேரத்துல செக்அவுட் உடைஞ்சா இவனா வந்து நிப்பான்? நான் எந்த சைட்டுலயும் அதைப் போட விடமாட்டேன். அக்கா, டிக் எடுத்தாச்சானு மட்டும் பாருங்க.

பிறைக்காரன்:
அக்கா, யூசர்ஸ் பக்கத்துல போய் அட்மினிஸ்ட்ரேட்டர்னு வடிகட்டிப் பாருங்க. தெரியாத பேர் இருந்தா எழுதுங்க. ஏஜென்ட் ரோல் யார் யாருக்கு இருக்குனும் பாருங்க. ஏஜென்டுக்கு யூசரைத் திருத்துற உரிமை இருந்தா அட்மினோட ஈமெயிலை மாத்திட்டு, பாஸ்வேர்ட் ரீசெட் அடிச்சு உள்ள வந்துடலாம். இவர் செஞ்ச ஒரு கோயில் சைட்டுல அர்ச்சனை புக்கிங் பார்க்க வந்த பார்ட்டைம் பையனுக்கு அந்த உரிமை இருந்துச்சு. சொன்னேன். என்னை குரூப்பை விட்டே தூக்கிட்டாரு.

செந்தூல்_வெப்:
அதுக்கா தூக்கினேன்? மாசம் 80 வெள்ளிக்குப் பார்த்துத் தரேன்னு என் கஸ்டமருக்கே பின்னால போய் மெசேஜ் போட்டியே, அதுக்குத் தூக்கினேன். 80 வெள்ளிக்குப் பேக்கப் எடுக்கவே ஆகாது லா.

பிறைக்காரன்:
நீங்க 250 வாங்கிட்டு ஒரு டிக்கைத்தானே எடுத்தீங்க?

நாசி_கண்டார்:
250-ஆ?! எனக்கு 300 போட்டீங்களே அண்ணே?

செந்தூல்_வெப்:
உன் சைட்டுல மெனு படம் மட்டும் 400 இருக்கு, அதான் 300. பிறை, நீ டிக்குக்கு இன்னும் பதில் சொல்லலை.

பிறைக்காரன்:
மூணு தடவை சொல்லியாச்சு. உங்க சைட் யூசர்ஸ் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, அட்மின் எத்தனை பேர்னு எல்லாரும் பார்ப்போம்.

செந்தூல்_வெப்:
நீ என்ன எம்சிஎம்சியா, இணையத்தைக் கண்காணிக்கிற அரசாங்க ஆணையமா, உனக்கு நான் ஸ்க்ரீன்ஷாட் போட?

கிள்ளான்_அக்கா:
தம்பி, 'சப்போர்ட்2'-னு ஒரு அட்மின் இருக்கு. இது உங்க ஆளா?

செந்தூல்_வெப்:
அக்கா, பிஎம் வாங்க, தனி மெசேஜ்ல பேசுவோம்.

பிறைக்காரன்:
ஏன் பிஎம்? இங்கயே சொல்லுங்க அண்ணே.

நாசி_கண்டார்:
அந்த 50 வெள்ளி கணக்கையும் இங்கயே சொல்லிடுங்க.