பாலாற்றங்கரை மணலில் பிணைப்பு இருக்கிறதா?

கேள்வி:
காட்பாடி பக்கம் சைட். 3 மீட்டர் ஆழத்தில் எஸ்பிடி எண் (சம்மட்டியால் குழாயை மண்ணில் இறக்கும் சோதனையின் அடி எண்ணிக்கை) 22. நெருக்கமான மணலா, சுண்ணாம்பு பிடித்து மணிகள் ஒட்டிய (பிணைப்புள்ள) மணலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
எஸ்பிடி மட்டும் போதாது சார். ஸ்பூன் (அந்தச் சோதனைக் குழாய்) இறங்கும் அடியிலேயே பிணைப்பு நொறுங்கிவிடும். சீஸ்மிக் கோன் (மண்ணின் தடையையும் அலைவேகத்தையும் அளக்கும் கூம்புக் கருவி) இறக்குங்கள். வெட்டு அலைவேகம் நொடிக்கு 300 மீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 1.8 டன் என்றால் விறைப்பு (அடர்த்தி × வேகத்தின் வர்க்கம்) 162 மெகாபாஸ்கல். கோன் தடை 8000, செங்குத்துத் தகைவு (மேலுள்ள மண்ணின் பாரத்தால் வரும் அழுத்தம்) 50, வளியழுத்தம் 100 (எல்லாம் கிலோபாஸ்கல்): மூன்றையும் பெருக்கி, கனமூலம் எடுத்து, 280ஆல் பெருக்கினால் சுமார் 96 மெகாபாஸ்கல். பிணைப்பில்லாத மணலுக்கு அதுதான் உச்சம். உங்கள் மண்ணின் விறைப்பு, இந்த 162 போல, அதைத் தாண்டினால் பிணைப்பு உண்டு.

பதில் 2:
கூடவே குழி தோண்டி ஒரு கட்டியைத் தண்ணீரில் போடுங்கள். ஈரத்தால் மட்டும் ஒட்டியிருந்த மணல் உதிர்ந்துவிடும். உதிராத கட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் பிணைப்பது சுக்கான் (சுண்ணாம்பு). பொங்காவிட்டால் உடனே பிணைப்பு இல்லை என்று எழுதாதீர்கள், இரும்பு ஆக்சைடும் பிணைக்கும்.