பாகூருக்குத் திரும்பியாச்சு, ஆன்லைன் கணக்கு மட்டும் இன்னும் பிரான்ஸில் நிற்கிறது. முகவரிச் சான்றுக்கு எதைக் கொடுப்பது?

பாகூர்வாசி:
வணக்கம். ஒன்பது வருஷம் பிரான்ஸில் வேலை பார்த்துவிட்டு நாலு மாதத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டேன். இந்தியப் பாஸ்போர்ட்தான், பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடையாது. வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களுக்கு டிசைன் வேலை செய்கிறேன், அந்தக் காசு ஓர் ஆன்லைன் கணக்கில் வரும். அதில் நாட்டை இந்தியா என்று மாற்றக் கேட்டால், இங்கே வசிப்பதற்குச் சான்று வேண்டுமாம். என் பெயரில் இருக்கணும், மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்கணும்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கரண்ட் பில் அப்பா பெயரில். பாஸ்போர்ட்டைப் பாரிஸ் தூதரகத்தில் புதுப்பித்ததால் கடைசிப் பக்கத்தில் அங்கத்திய முகவரி. ஆதாரில், கல்யாணமான புதிதில் கடலூரில் வாடகைக்கு இருந்த வீடு. பேங்க்கில் இருப்பது என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிக்கிற இந்தியர்களுக்கானது), அதன் ஸ்டேட்மென்ட்டிலும் பிரான்ஸ்தான். இரண்டு முறை அனுப்பி இரண்டு முறையும் திருப்பிவிட்டார்கள்.

பிரான்ஸில் இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டுக்காரர் "இவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டை நகலும் தன் பெயரில் உள்ள பில்லும் சேர்த்துக் கொடுத்தால் எந்த ஆபீஸிலும் வாங்கிக்கொள்வார்கள். அப்பாவிடம் அதே மாதிரி எழுதி வாங்கினால் இவர்கள் ஏற்பார்களா? அப்புறம், ஃபோனில் ஆப் ஸ்டோரும் பிரான்ஸில்தான் இருக்கிறது, நம்ம பேங்க் ஆப்பைத் தேடினால் கிடைப்பதே இல்லை. அதற்கும் இந்தச் சான்றெல்லாம் வேண்டுமா?

வில்லியனூர் அக்கா:
தம்பி, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆப் ஸ்டோருக்குக் காகிதம் எதுவும் கேட்க மாட்டார்கள். கூகுள் பிளே என்றால், நீங்கள் இந்தியாவில் இருக்கணும், இந்தியாவில் வாங்கிய கார்டு மாதிரி ஏதாவது ஒரு கட்டண வழி வேண்டும், செட்டிங்ஸில் நாட்டை மாற்றிவிடலாம். ஆனால் ஒருமுறை மாற்றினால் ஒரு வருஷத்துக்குத் திரும்ப மாற்ற முடியாது, பழைய நாட்டுக் கணக்கில் கிடக்கிற பிளே இருப்பை இங்கே செலவு செய்யவும் முடியாது. ஆப்பிள் என்றால் இன்னும் கொஞ்சம் வேலை. மீதி இருப்பைச் செலவழித்து முடிக்கணும், சந்தாக்களை நிறுத்தி அவற்றின் காலம் முடியும்வரை காத்திருக்கணும், ஃபேமிலி ஷேரிங்கில் இருந்தால் அதிலிருந்து வெளியே வரணும். என் தங்கை ஐகிளவுட் சந்தா ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டு, ஏன் மாற மாட்டேன் என்கிறது என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தாள்.

காசு வருகிற கணக்கில் முதலில் வேறொன்றைப் பாருங்கள்: அங்கே நாட்டை மாற்ற வழி இருக்கிறதா? பேபாலில் கிடையாது, இருக்கிற பணத்தை எடுத்துவிட்டு, பழையதை மூடி, புது நாட்டில் புதுக் கணக்குத்தான் திறக்கணும். உங்களுடையதில் சான்று கேட்டிருக்கிறார்கள் என்றால் வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மஞ்சக்குப்பம்:
நண்பா, ஷார்ஜாவிலிருந்து வந்தபோது நானும் இதே பாடு பட்டேன், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். நோட்டரியிடம் போய் இருபது ரூபாய் பத்திரத்தில் அப்பா கையெழுத்து வாங்கி அனுப்பினேன், திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், மறுநாளே நிராகரித்துவிட்டார்கள். அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

நீங்கள் கடைசி ஆளிடம் முதலில் போயிருக்கிறீர்கள். ஆதார், அப்புறம் பேங்க், அதற்கப்புறம்தான் அந்த ஆன்லைன் கணக்கு. இந்த வரிசை தப்பினால் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

ஆதாரில் தங்கள் பெயரில் பில் இல்லாதவர்களுக்காகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள், 2023 ஜனவரியில் வந்தது. குடும்பத் தலைவர் மூலமாக முகவரி மாற்றுவது. ஆதார் தளத்தில் உங்கள் எண்ணில் நுழைந்து, அப்பாவின் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவுக்குச் சான்றாக ரேஷன் கார்டோ மதிப்பெண் பட்டியலோ பாஸ்போர்ட்டோ ஏற்றலாம். உங்கள் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்குமே, முகவரிக்கு உதவாத அதே பக்கம் உறவுக்கு உதவும். பிறகு அப்பா முப்பது நாளுக்குள் தன் ஆதாரில் நுழைந்து சம்மதம் கொடுக்கணும். விட்டுவிட்டால் விண்ணப்பம் மூடிப்போகும், கட்டிய காசும் திரும்பாது. அவர் ஆதாரோடு இணைத்த நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

பேங்க்கில் நேரில் போய் ஊரோடு வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். என்ஆர்ஓவைச் சாதாரணக் கணக்காக மாற்றியே ஆகணும், அது சட்டம். அப்போதே முகவரியும் மாறிவிடும், சீல் வைத்த ஸ்டேட்மென்ட் ஒன்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், உங்கள் முகவரி, இந்த மாதத் தேதி, மூன்றும் ஒரே தாளில் வந்துவிடும். எனக்கு அதுதான் ஓடியது.

பாகூர்வாசி:
பாஸ்போர்ட் விஷயம் தோன்றவே இல்லை, நன்றி அண்ணே. அப்பாவின் நம்பர் பழைய பட்டன் ஃபோனில் இருந்தது, ரீசார்ஜ் பண்ணாமல் போய்விட்டது. நாளைக்கு ஆதார் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இன்னொரு சந்தேகம். அந்தக் கணக்கில் 607402 என்று பின்கோடு போட்டவுடன் மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் கடலூர் என்று தானாக நிரம்பிக்கொள்கிறது. எங்கள் ஊர் புதுச்சேரி. நான் கவனிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

முத்தியால்பேட்டை:
அதை விடாதீர்கள், கையால் மாற்றுங்கள். பாகூர் பக்கம் எல்லாருக்கும் இந்தத் தொல்லை இருக்கிறது, 607 என்றாலே கடலூர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாளில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும், பார்ப்பவருக்குப் பாகூர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி என்று மாறியது 2006இல், ஆனாலும் பழைய தாள்களில் பாண்டிச்சேரி என்றுதான் இருக்கும், ஆகவே எல்லாவற்றிலும் ஒரே பெயர் வருகிற தாளாகத் தேர்ந்தெடுங்கள்.

பெயரையும் பாருங்கள். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாகக் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கும். என் ஆதாரில் வெறும் 'எம்' ஒரு எழுத்துதான், பாஸ்போர்ட்டில் அது முருகையன். கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரில் ஸ்டேட்மென்ட் தரும்படி பேங்க்கில் சொல்லிவிடுங்கள்.

ஆதாரையும் அனுப்புவதாக இருந்தால் முதல் எட்டு எண்ணை மறைத்த மாஸ்க்டு ஆதாரை இறக்கி அனுப்புங்கள், அதையும் ஏற்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. முக்கியமாக, பிரான்ஸ் சிம்மை இப்போது நிறுத்திவிடாதீர்கள். கணக்கில் இந்திய நம்பர் ஏறும்வரை ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும், அது போய்விட்டால் சான்று கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாது.

பாகூர்வாசி:
சிம் அடுத்த மாதம் நிறுத்தலாம் என்று இருந்தேன், நல்லவேளை சொன்னீர்கள். அப்பா நம்பர் சேர்த்தாச்சு, விண்ணப்பம் போட்டாச்சு, அவருக்கு மெசேஜும் வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அவரே அழுத்திச் சம்மதம் கொடுத்தார். ஆதார் மாறியதும் பேங்க்குக்குப் போய்விட்டு இங்கேயே வந்து எழுதுகிறேன்.