காது நார்மல், ஆனால் பேச்சு பிடிபடவில்லை: ஏபிடி தனிக் குறைபாடா?

மாலதி
என் மகளுக்கு ஒன்பது வயது. காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தாயிற்று, இரண்டு காதும் நார்மல். ஆனால் வகுப்பில் மின்விசிறி ஓடி, நாலு பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தால், ஆசிரியர் சொல்வது பாதிதான் அவளுக்குப் போய்ச் சேருகிறது. சொல்லச் சொல்ல எழுதச் சொன்னால் ‘பாடம்’ ‘பாதம்’ ஆகிவிடுகிறது. அதே சொல்லை அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் சரியாக எழுதுகிறாள். செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் இதைச் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு, அதாவது ஏபிடி என்கிறார். காது ஒலியை வாங்கிவிடுகிறதாம், மூளை அதைப் பிரித்தறிவதில்தான் சிக்கலாம். உளவியல் நிபுணரோ அப்படி ஒன்று பட்டியலிலேயே இல்லை என்கிறார். பள்ளி கையை விரித்துவிட்டது. யாரை நம்புவது?

செந்தில், குழந்தைகள் உளவியல்
உங்கள் மகளின் சிரமம் உண்மை, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அதற்கு வைக்கும் பெயர்தான் எனக்கு ஒப்பவில்லை. மனநலக் குறைபாடுகளைப் பட்டியலிடும், 2013இல் வந்த டிஎஸ்எம் 5 கையேட்டில் ஏபிடி கிடையாது. ஆய்வாளர் டேவிட் மூரின் குழு 2010இல் பிரிட்டனில் 6 முதல் 11 வயது வரையுள்ள 1,469 குழந்தைகளைச் சோதித்தது. கேட்பதில் உள்ள சிரமத்தோடு ஒத்துப்போனது ஒலியைப் பிரித்தறியும் திறன் அல்ல. கவனமும் பொது அறிதிறனும்தான். 2013இல் வில்சன், ஆர்னாட் என்ற ஆய்வாளர்கள் 150 குழந்தைகளின் சோதனை முடிவுகளை எடுத்து, ஏபிடி என்று முடிவு செய்யும் ஒன்பது அளவுகோல்களைப் பொருத்திப் பார்த்தார்கள். ஓர் அளவுகோலில் 7.3 சதவீதத்தினருக்குக் குறைபாடு, இன்னொன்றில் 96 சதவீதத்தினருக்கு. குழந்தைகள் அதே குழந்தைகள்தான். இதை வைத்து ஒரு பிள்ளைக்கு எப்படி முத்திரை குத்துவது?

ரஹ்மத், ஆடியாலஜிஸ்ட்
செந்தில் சார், டிஎஸ்எம் மனநலக் கையேடு. காது கேளாமையும்தான் அதில் இல்லை, அதற்காகக் காது கேளாமை இல்லை என்று ஆகிவிடுமா? எல்லா நோய்களுக்கும் குறியீடு தரும் ஐசிடி 10 பட்டியலின் அமெரிக்கப் பதிப்பில் இதற்கு எச்93.25 என்று தனிக் குறியீடே இருக்கிறது. இது நேற்று முளைத்த விஷயமும் அல்ல. 1954இலேயே இத்தாலியில் போக்கா குழு, மூளையின் பக்க மடலில் கட்டி இருந்தவர்களுக்கு வடிகட்டி மங்கலாக்கிய பேச்சைப் போட்டுக் காட்டியது. சாதாரணச் செவிச் சோதனையில் தேறியவர்கள் இதில் தடுமாறினார்கள். 1961இல் உளவியலாளர் டோரீன் கிமுரா இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு எண்களைக் கொடுத்துப் பார்த்தார். இன்றும் நாங்கள் செய்யும் சோதனைக்கு அதுதான் அடிப்படை. வில்சன் ஆய்வு சொல்வது அளவுகோல்கள் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே.

செந்தில்
கட்டி வந்த பெரியவரின் மூளையில் தெரிந்ததை, மூளையில் எந்தக் காயமும் இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். உங்கள் சோதனைகளில் பாதிக்கு மேல் சொற்களை, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே மொழி வருகிறது, நினைவாற்றல் வருகிறது, சலிப்பும் வருகிறது. மதிப்பெண் குறைந்தால் எதனால் குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ரஹ்மத்
நியாயமான கேள்வி. இதற்குத்தான் ஆஸ்திரேலியாவில் ஷாரன் கேமரனும் ஹார்வி டில்லனும் லிஸ்ன்-எஸ் சோதனையை உருவாக்கினார்கள். ஹெட்போனில் ஒரு வாக்கியம் முன்னாலிருந்து வருவது போலக் கேட்கும். கூடவே வேறு கதைகள் ஓடும், முதலில் அதே திசையிலிருந்து, அப்புறம் இரு பக்கங்களிலிருந்தும். இரைச்சல் பக்கவாட்டுக்கு நகர்ந்தால் நம் எல்லோருக்குமே கேட்பது சுலபமாகும். அந்தச் சுலபம் எவ்வளவு என்பதைத்தான் சோதனை அளக்கிறது. மொழியும் கவனமும் இரண்டு சுற்றிலும் ஒன்றுதானே, கழித்தால் போய்விடும். அப்படிக் கழித்த பிறகும் சில பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைப்பதே இல்லை. இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது.

செந்தில்
இந்தச் சோதனையை நானும் மதிக்கிறேன். ஆனால் அது காட்டுவது இடம் பிரித்துக் கேட்பதில் உள்ள ஒரே ஒரு குறையை. அதை அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். ஏபிடி என்ற ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டுவதால்தான், மொழிக் குறைபாடோ, ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடோ உள்ள பிள்ளைகள் வருடக்கணக்கில் கணினிப் பயிற்சி விளையாட்டுகளோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் காலம் திரும்பி வராது. எனக்குக் கோபம் அங்கேதான்.

தேவி
நான் நிபுணர் இல்லை, இந்தச் சிரமத்தோடு வளர்ந்தவள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு வாக்கியம் புரியும். பள்ளியில் ‘கவனமே இல்லை’ என்ற ஒரே பேச்சு. ஏபிடி என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அலுவலகத்தில் ‘எழுதி அனுப்புங்கள்’ என்று தயங்காமல் கேட்கிறேன். பெயர் வேண்டாம் என்பவர்கள், பெயர் இல்லாமல் உதவியை யார் தருவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

செந்தில்
தேவி அவர்களே, உதவிக்குப் பெயரை நிபந்தனையாக வைப்பதே தவறு என்கிறேன். இரைச்சலில் கேட்கவில்லை என்றால் இரைச்சலைக் குறைக்க வேண்டும், அதற்கு யாருடைய சான்றிதழும் தேவைப்படக் கூடாது.

மாலதி
கூடாதுதான் சார். நடைமுறையில் பள்ளி காகிதம் கேட்கிறதே. சரி, நான் அடுத்து என்ன செய்வது?

ரஹ்மத்
ஏழு வயதுக்குக் கீழ் இந்தச் சோதனைகளின் முடிவு நிலையாக இருக்காது, உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். நடுக்காதில் நீர் இல்லையா என்று முதலில் பாருங்கள். சோதனையைக் காலையில், இடைவேளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். 2010இன் அமெரிக்க ஆடியாலஜி அகாடமி வழிகாட்டுதல்படி, குறைந்தது இரண்டு சோதனைகளில், ஒரு காதிலாவது, சராசரியை விட இரண்டு திட்ட விலக்கம் கீழே, அதாவது அதே வயதுப் பிள்ளைகளில் மிகச் சிலரே எடுக்கும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு சோதனையோடு முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். ஆசிரியர் அணியும் மைக்கிலிருந்து குரல் நேராகப் பிள்ளையின் காதுக்கு வரும் கருவி உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள்.

செந்தில்
அந்த மைக்குக்கு என் ஆதரவும் உண்டு. கூடவே ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் மொழி மதிப்பீடும், கவனத்துக்கான மதிப்பீடும் இதே மாதத்தில் முடித்துவிடுங்கள், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம். அறிக்கையில் ‘ஏபிடி உண்டு’ என்று ஒரு வரியோடு விடாமல், ஒவ்வொரு சோதனையின் மதிப்பெண்ணையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரஹ்மத்
அப்படியே எழுதலாம். அடியில் குறைபாட்டின் பெயரையும் நான் எழுதுவேன் சார், பள்ளி அதைத்தான் படிக்கும்.