இருள் என்றால் பாவம் மட்டும்தானா?

கேள்வி: தங்கச்சிமடம் மறைக்கல்வி ஆசிரியர்

இயேசுவுக்கே புகழ். ஒளி என்றால் கிறிஸ்து, இருள் என்றால் பாவம் என்றுதான் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில்) ஒரு பெண்மணியின் கணவர் கடலுக்குச் சென்று திரும்பவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுத்தாலும் உள்ளே ஒரே இருட்டாக இருக்கிறது என்றும், தாம் ஏதோ பாவத்தில் கிடப்பதாகவும் அவர் அஞ்சுகிறார். நம் மரபுகள் இதற்கு என்ன சொல்கின்றன?

பதில்: ஓரியூர் பங்கு உபதேசியார்

ஐயா, அவரைப் பாவி என்று எண்ண விடாதீர்கள். கடவுள் இருந்த கார்மேக இருளை நோக்கியே மோசே சென்றார் என்கிறது விடுதலைப் பயணம் 20:21. மோசேயின் பயணம் எரியும் முட்செடியின் ஒளியில் தொடங்கி, மேகத்தைக் கடந்து, இருளுக்குள் செல்கிறது என்று 4ஆம் நூற்றாண்டிலேயே நீசா நகர் ஆயர் கிரகோரியார் விளக்கினார். 1577 டிசம்பரில் தம் சபையினராலேயே தொலேதோவில் சிறைவைக்கப்பட்ட ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவை யோவான், ஜெபத்தில் கடவுளை உணர முடியாத நிலையான ‘ஆன்மாவின் இருண்ட இரவை’ அறிய மூன்று அடையாளங்கள் தருகிறார்: இறைக்காரியத்திலும் உலகக் காரியத்திலும் சுவையின்மை, முன்போல் தியானிக்க இயலாமை, கடவுளுக்கு ஊழியம் செய்யவில்லையே என்ற ஓயாத கவலை. விசுவாசம் குளிர்ந்துபோனவருக்கு இந்தக் கவலையே எழாது. அந்தப் பெண்மணியின் அச்சம் அவருடைய அன்புக்குச் சான்று என்றே நான் கொள்கிறேன்.

உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்புச் சடங்கில் பாடப்படும் பாஸ்கா புகழுரையும் இரவைப் பேறுபெற்றது என்றுதான் போற்றுகிறது. பல நூற்றாண்டுகள் அந்தச் சடங்கு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. 1951இல்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதை மீண்டும் இரவில் நடத்த அனுமதித்தார்.

பதில்: இராமநாதபுரம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார்

எங்கள் பக்கத்தில் நான் முதலில் காட்டுவது 88ஆம் சங்கீதம். மற்ற புலம்பல்களைப் போல ஆறுதலில் முடியாமல், தோழரும் விலகிப்போன துயரத்திலேயே அது நின்றுவிடுகிறது. ஆனாலும் இரவும் பகலும் தேவனை நோக்கிக் கூப்பிட்டவரின் குரல் அது. வேதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது. கர்த்தர் சிலுவையில் தொங்கியபோது ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை பூமியெங்கும் அந்தகாரம் உண்டாயிற்று. சிலுவையின் பாடுகளில் மறைந்திருக்கும் தேவனையே அறிய வேண்டும் என்று 1518இல் லூத்தர் வாதிட்டதும் இங்கே பொருந்தும்.

பதில்: பாம்பன் வாசகர்

இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் இருளைப் புகழ்ந்துகொண்டே போவதில் எனக்குத் தயக்கம் உண்டு. "தேவன் ஒளியாயிருக்கிறார்" என்கிறது யோவானின் முதல் நிருபம். கீழைச் சபைகளில் 14ஆம் நூற்றாண்டின் கிரகோரி பலாமாஸ், தாபோர் மலையில் இயேசு மறுரூபமானபோது சீடர் கண்டது படைக்கப்படாத தெய்வீக ஒளியே என்று நிலைநாட்டினார். அந்த ஒளியில் பங்குபெறுவதே அவர்களுடைய ஜெபவாழ்வின் நாட்டம். மேலும், துக்கத்தில் ஊணும் உறக்கமும் கெட்டிருந்தால் அதை ஆன்மிக இரவு என்று விட்டுவிடக் கூடாது. மனச்சோர்வு நோயையும் இந்த இரவையும் சிலுவை யோவானே பிரித்துப் பேசுகிறார். அந்தப் பெண்மணியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவரால் சொல்ல முடியாத ஜெபமாலையை, அவர் வீட்டிலேயே அன்பியத்தார் கூடிச் சொல்லுங்கள்.